விளையாட்டு ஊரில் ஆள் குறைந்தால், பெருகினால், மறைந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஓர் ஊரைக் கணினியில் வாழவிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் விளையாட்டை எழுதும்போது மக்கள்தொகை பழுதானால் பெரும்பாலோர் முதலில் தொடுவது புது ஆட்களைச் சேர்க்கும் வேகத்தைத்தான். ஆள் குறைந்தால் அதைக் கூட்டுகிறார்கள், மிஞ்சினால் குறைக்கிறார்கள். அங்கே கை வைக்காதீர்கள். ஆள் எண்ணிக்கை என்பது வரவும் செலவும் போக மிஞ்சும் இருப்பு. இருப்பில் கோளாறு என்றால் பேரேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரே ஊருக்கானவை. குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் ஒரு கற்பனைக் கடற்கரை ஊர். 150 வீடு, 600 பேர், சராசரி ஆயுள் 72. விளையாட்டின் கடிகாரம் மாதம் மாதமாக நகர்கிறது. உங்கள் விளையாட்டு தோவாளைப் பூந்தோட்டமாக இருந்தாலும் பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டமாக இருந்தாலும் முறை மாறாது, எண்கள்தான் மாறும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: நான்கு கணக்கு

மாதம் முடியும்போதெல்லாம் நான்கு எண்களை லாக் ஃபைலில் (நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்பு) எழுத வையுங்கள்: பிறப்பு, இறப்பு, ஊருக்கு வந்தவர், ஊரை விட்டுப் போனவர். போன மாத இருப்போடு பிறப்பையும் வந்தவரையும் கூட்டி, இறப்பையும் போனவரையும் கழித்தால் இந்த மாத இருப்பு வர வேண்டும். கணக்கில் ஓர் ஆள் இடித்தாலும் விளையாட்டை நிறுத்திப் பிழை காட்டும்படி எழுதுங்கள். கணக்கில் ஏறாமல் ஆளை நீக்கும் ஒரு வரி நிரலில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் மற்ற எதைச் சரிசெய்தாலும் நிலைக்காது.

இரண்டாவது தேவை, திரையே இல்லாமல் 200 ஆண்டுகளை ஓட்டிப் பார்க்கும் வசதி. ஒரே சீட் எண்ணில் (தற்செயல் எண்களின் வரிசை எங்கிருந்து தொடங்கும் என்று குறிக்கும் எண்) ஓட்டினால் போதாது, இருபது சீட்டிலாவது ஓட்டுங்கள். 600 பேர் கொண்ட ஊரில் தற்செயலின் ஆட்டம் பெரிது. ஓர் ஓட்டத்தில் நன்றாக வந்தது அடுத்ததில் கவிழும்.

மூன்றாவதாக ஒரு பெருக்கல். எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் நிற்கும் ஊரில், ஆண்டுப் பிறப்பை சராசரி ஆயுளால் பெருக்கினால் மக்கள்தொகை கிடைக்கும். 600ஐ 72 ஆல் வகுத்தால் 8.3. உங்கள் லாகில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது பிறப்பு தெரிந்தால் அடிப்படை சரி. நான்கு தெரிந்தால் ஊர் 300ஐ நோக்கி இறங்குகிறது. திரையில் இன்னும் 580 பேர் காட்டினாலும் அந்த இறக்கம் தொடங்கிவிட்டது.

அறிகுறி: முதல் 40 ஆண்டு செழிப்பு, பிறகு சுடுகாட்டுக்கு வரிசை

இது தொடக்க வயதின் கோளாறு. விளையாட்டு தொடங்கும்போது எல்லோரையும் 20க்கும் 30க்கும் இடையில் உருவாக்கியிருப்பீர்கள். அவர்கள் சேர்ந்தே மணம் முடித்து, சேர்ந்தே பிள்ளை பெற்று, சேர்ந்தே கிழமாகி, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் சேர்ந்தே சாகிறார்கள். 2015இல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் ஆடியவர்களுக்கு இந்த இறப்பு அலை நன்றாகத் தெரியும். குடியிருப்புப் பகுதியை ஒரே நேரத்தில் பெரிதாகத் திறந்தால், ஒத்த வயதுக்காரர்கள் ஒன்றாகக் குடியேறி, பின்னால் பிண ஊர்திகள் போதாமல் நகரம் திணறும்.

முதலில் இறப்பு விதியைச் சரிபாருங்கள். '70 வயதானால் சாவு' என்று எழுதியிருந்தால் அலை இன்னும் கூர்மையாகும். ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825இல் சொன்ன விதி இன்றைக்கும் போதுமானது: பெரியவர்களின் இறப்பு வாய்ப்பு வயதோடு பெருக்கு விகிதத்தில் ஏறும். நம் ஊருக்கு 30 வயதில் ஆண்டுக்கு 0.12 சதவீதம் என்று தொடங்கி, 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள். 62 வயதில் ஏறக்குறைய 2 சதவீதம், 78இல் 8, 94இல் 31 என்று வரும். பாதிப் பேர் 75ஐ ஒட்டி இறப்பார்கள். சிலர் ஐம்பதில் போவார்கள், ஓரிருவர் நூறைத் தொடுவார்கள்.

அடுத்து தொடக்க வயதுப் பங்கீடு. 600 பேரில் 0–14 வயதில் 125, 15–29இல் 123, 30–44இல் 121, 45–59இல் 114, 60க்கு மேல் 117 என்பது இந்த இறப்பு விதிக்குப் பொருந்தும். ஆனால் இந்தப் பங்கீட்டில் ஆளுக்கு ஒரு வயதை எடுத்து, பிறகு குடும்பங்களாகச் சேர்த்தால் வேறொரு கேடு வரும்: ஒன்பது வயதுத் தாய், மகனைவிட இளைய தகப்பன். சேர்த்தபின் ஒட்டுப்போட்டுத் திருத்துவது தலைவலி.

நல்ல வழி, ஊரை வளரவிட்டு எடுப்பது. இளம் தம்பதிகளை வைத்துத் தொடங்கி, திரையில்லாமல் 150 ஆண்டு ஓட்டுங்கள். ஓட்டத்தின்போது மட்டும், ஆள் 600ஐத் தாண்டினால் பிறப்பு வாய்ப்பைச் சற்றுக் குறைத்தும் தாழ்ந்தால் சற்றுக் கூட்டியும் பிடித்து வையுங்கள். முடிவில் கிடைப்பது தாத்தா பாட்டி, விதவை, ஒண்டிக்கட்டை, கூட்டுக் குடும்பம் எல்லாம் உள்ள ஊர். சித்தப்பா யார், மருமகன் யார் என்ற உறவுகளும் அதிலேயே இருக்கும். இப்படி ஐந்தாறு ஊர்களை ஆக்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஆடுபவர் தொடங்கும்போது ஒன்றைக் கொடுங்கள். இதற்கு ஆகும் நேரம் வீணே அல்ல. கதைக்கு வேண்டிய பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

அறிகுறி: பிறப்பு விகிதம் சரி, ஆனாலும் ஊர் மெல்லத் தேய்கிறது

பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளை என்று அமைத்திருப்பீர்கள். அது மணமானவருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால், மணமாகாதவர் பங்கு குறையாக விழும். நம் ஊரில் 20க்கும் 35க்கும் இடைப்பட்ட பெண்கள் சுமார் 62 பேர். அதில் 53 பேர் மணமானவர் என்றால், ஆண்டுக்கு ஒருவருக்கு 16 சதவீத வாய்ப்பு வைத்தால்தான் எட்டரைப் பிறப்பு வரும். மணமானவர் 35 ஆகக் குறைந்தால் அதே வாய்ப்பில் ஐந்தரைதான். ஆகவே லாகில் ஐந்தாவது எண்ணாக மணமாகாத 25 வயதுக்காரர் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

மணமாகாததற்கு மூன்று காரணங்களைத் தேடுங்கள்.

வீடு இல்லை. 2014இல் வந்த பானிஷ்டு விளையாட்டில் இது பிரபலமான பொறி. தனி வீடு கிடைக்காத இளையவர்கள் பெற்றோர் வீட்டிலேயே இருந்துவிட, பிறப்பு நின்று, ஒரு தலைமுறைக்குப் பின் ஊர் திடீரென்று சரியும். விதியை மாற்ற வேண்டுமென்பதில்லை. ஆனால் 'இத்தனை ஜோடி வீட்டுக்குக் காத்திருக்கிறது' என்பதை ஆடுபவருக்குத் திரையில் காட்டியே ஆக வேண்டும்.

ஜோடி அமையவில்லை. ஆண்டுக்கு எட்டுப் பிறப்பில் சரியாக நாலு ஆண், நாலு பெண் வர 27 சதவீத வாய்ப்புதான். வயது இடைவெளியை மூன்று ஆண்டுக்குள் அடைத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் தனியே நிற்பார்கள். குமரிக் கடற்கரையில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் பல ஊர்களுக்கு இடையில் நடப்பதுபோல, விளையாட்டிலும் வெளியூர் சம்பந்தம் வையுங்கள். பக்கத்து ஊர்களை முழுதாக ஓட்ட வேண்டாம். வயது, பால் வாரியாக எத்தனை பேர் என்ற ஒரு சிறு பட்டியல் போதும். ஒருவரை அங்கிருந்து எடுத்தால் அந்தப் பட்டியலில் ஒன்று குறையட்டும்.

மூன்றாவது உறவு விதி. வெளியிலிருந்து எடுத்த நிரல் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே கட்டத்தில் போடும்: எல்லோரும் தடை, அல்லது எல்லோரும் சம்மதம். நம்மிடம் அப்படி இல்லை. பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சித்தி மக்களும் உடன்பிறப்பு. மாமா மக்களும் அத்தை மக்களும் முறை. சோதனை எளிது. இருவரையும் இணைக்கும் இரண்டு பெற்றோரும் ஒரே பால் என்றால் தடை, வேறு பால் என்றால் முறை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் முறைப்பெண்ணும் தடையில் வருகிறாள், திருச்சபை விலக்குக் கொடுத்தால் மட்டும் மணக்கலாம். கடற்கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. எனவே விதியை நிரலில் புதைக்காமல் ஒவ்வொரு வீட்டின் தரவிலும் வையுங்கள்.

பால் விகிதத்தில் ஓர் எச்சரிக்கை. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1019 பெண்கள். அதைப் பார்த்துப் பிறப்பிலேயே பெண்ணைக் கூட்டி வைத்துவிடாதீர்கள். அது எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு. பிழைக்க வெளியே போன ஆண்களும் கூடுதல் காலம் வாழும் பெண்களும் அதில் அடக்கம். பிறப்பில் ஆண் வாய்ப்பு 0.512 என்று வைத்து, மீதியை இறப்பும் ஊரை விட்டுப் போவதும் தீர்மானிக்கட்டும்.

அறிகுறி: ஜூன் மாதம் படகுக்காரர்கள் கூண்டோடு மாயம்

கடற்கரை ஊரை விளையாட்டாக்குபவர்கள் எல்லோருமே ஒருமுறை இதில் விழுவார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். விளையாட்டில் தடை தொடங்கியதும் படகு வேலை பூஜ்யமாகிறது. 'வேலையில்லாதவர் ஒரு மாதத்தில் ஊரை விட்டுப் போவார்' என்ற விதி அவர்களை நீக்குகிறது. ஆகஸ்டில் வேலை திரும்பியதும் காலியிடம் நிரப்பும் விதி முகம் தெரியாத 40 பேரைப் புதிதாக ஆக்கி இறக்குகிறது. எண்ணிக்கை அதேதான். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த வீடுகளும் குடும்பமே இல்லாத படகாட்களும் மிச்சம். இருப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. போனவர் 40, வந்தவர் 40 என்று பேரேடு உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒரே மாவட்டத்துக்குள் தேதி வேறுபடுவதையும் கவனியுங்கள். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விளையாட்டில் இரண்டு துறைமுகமும் இருந்தால் தடைக்காலத்தை மாவட்டத்துக்கு எழுதாமல் துறைமுகத்துக்கு எழுதுங்கள்.

திருத்தம் இதுதான். வேலை இல்லாமை, ஊரில் இல்லாமை, உலகில் இல்லாமை மூன்றையும் பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்பு நிலை வேண்டும்: ஊரில், கடலில், வெளியூரில், வெளிநாட்டில், இறந்தவர். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. வளைகுடா நாட்டுக்குப் போனவர் ஆண்டுக்கணக்கில் வருவதில்லை. திரையில் உருவம் இல்லாவிட்டாலும் அவர்கள் ஊர்க் கணக்கில்தான் இருக்கிறார்கள், வயதும் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் பணம் வருகிறது, அடுத்த விடுப்பில் கல்யாணம் நடக்கிறது. ஆளை அழிக்கும் செயலை இறப்புக்கும் நிரந்தரமாக வீட்டைக் காலி செய்வதற்கும் மட்டும் அனுமதியுங்கள்.

தடைக்கால வேலையையும் கொடுங்கள். வலை முடைதல், படகுப் பழுது பார்த்தல், தடைக்கு உட்படாத வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போதல் என்று நிறைய உண்டு. ஊரை விட்டுப் போகும் முடிவுக்கு 12 மாத வருமானத்தின் சராசரியைப் பாருங்கள், அந்த மாத வருமானத்தை அல்ல. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் பருவத்துக்கு நடுவே வயல்வேலை ஓயும் ஊர்களுக்கும் இதே திருத்தம்.

அறிகுறி: திருவிழா முடிந்ததும் மக்கள்தொகை இரட்டிப்பு

கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24இல் தொடங்கி டிசம்பர் 3 வரை. அதற்கு வரும் கூட்டத்தையோ, குமரிமுனையில் சூரிய உதயம் பார்க்க நிற்பவர்களையோ ஊர்க்காரர்களின் வார்ப்பிலேயே உருவாக்கினால், காலி வீடு கண்டதும் குடியேறிவிடுவார்கள். கூட்டத்துக்குத் தனி வகை வேண்டும்: உருவம், நடை, போகும் நேரம் மட்டும். பெயரும் வயதும் உறவும் கூடாது. யாராவது ஒருவரை ஆடுபவர் தொட்டுப் பேசினால் அந்த நொடியில் பெயர் கொடுங்கள்.

அறிகுறி: எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே பெயர்

முற்றிலும் ஒன்றுபோல் இருந்தால் சீட் கோளாறு. மைக்ரோசாஃப்டின் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்ற நிரல் மேடையில், தற்செயல் எண் தரும் சிஸ்டம் ரேண்டம் பொருளை ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாக உருவாக்கினால், கடிகாரத்திலிருந்து சீட் எடுப்பதால் அடுத்தடுத்து உருவாகிறவர்கள் இரட்டையராகிறார்கள். ஆட்களை ஒவ்வொருவராக ஆக்கும் லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) வெளியே ஒன்றே ஒன்றை உருவாக்குங்கள். விளையாட்டு ஆக்கும் மென்பொருளான கோடோ 3இல் ராண்டமைஸ் செயலை அழைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே ஊர் வரும். கோடோ 4 அதைத் தானே செய்துகொள்கிறது.

பெயர் மட்டும் திரும்ப வந்தால் அது பிழையே இல்லாமல் இருக்கலாம். 20 பெயர், 20 இனிஷியல் என்றால் 400 சேர்க்கை. 24 பேர் இருந்தாலே இருவருக்கு ஒன்றாக அமைய பாதி வாய்ப்பு. நிஜ ஊரிலும் இரண்டு ஆன்றனி, மூன்று சேவியர் உண்டு, வீட்டுப் பெயரும் பட்டப்பெயரும் அவர்களைப் பிரிக்கின்றன. அந்தப் பட்டப்பெயரை விளையாட்டிலும் வையுங்கள். உடன்பிறந்தவருக்கு ஒரே பெயர் வராமல் மட்டும் தடுத்தால் போதும்.

நிஜமான பெயர்க் கோளாறுகள் வேறு. ஒன்று, குடும்பப் பெயர். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். குடும்பப் பெயரைப் பிள்ளைக்குக் கடத்தும் நிரலில் இனிஷியலைப் போட்டால் கொள்ளுப்பேரனுக்கும் அதே எழுத்து நிற்கும். இனிஷியலைச் சேமிக்கவே வேண்டாம். தகப்பனின் ஐடியை (ஆளுக்கொரு அடையாள எண்) சேமித்து, காட்டும்போது கணக்கிடுங்கள். மணமான பெண்ணுக்குக் கணவன் பெயரா, தகப்பன் பெயரா என்பது வீட்டுத் தரவில் ஒரு தேர்வு.

இன்னொன்று, பெயரின் வயது. எண்பது வயதுப் பாட்டிக்கு அக்ஷயா என்றும் கைக்குழந்தைக்குத் தங்கம்மை என்றும் வந்தால் ஊர் பொய்யாகிவிடுகிறது. பெயர்ப் பட்டியலைப் பிறந்த பத்தாண்டு வாரியாகப் பிரியுங்கள். மதம், கடற்கரையா உள்நாடா என்பதையும் சேருங்கள். அதோடு, தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புக் கொடுங்கள். அப்போது பழைய பெயர் ஒன்றிரண்டு இளையவரிடம் வருவதற்கும் காரணம் இருக்கும்.

அறிகுறி: ஆள் எண்ணிக்கை ஊஞ்சலாடுகிறது

'600க்குக் குறைந்தால் நிரப்பு' என்று எழுதியதன் பலன். வந்தவர் எல்லோரும் 25 வயது ஒண்டியாட்கள் என்றால், நீங்களே மறுபடி ஓர் இறப்பு அலையை விதைத்துவிட்டீர்கள். வேலையாள் பற்றாக்குறையைப் பார்த்துப் பிறப்பைக் கூட்டினால் இன்னும் மோசம். இன்று பிறந்தவர் 18 ஆண்டு கழித்துத்தான் வேலைக்கு வருவார், அதுவரை நிரல் பிறப்பைக் கூட்டிக்கொண்டே போகும்.

எண்ணிக்கையைப் பார்க்காமல் காலி வீட்டைப் பாருங்கள். ஒரு காலி வீட்டுக்கு மாதம் 5 சதவீத வாய்ப்பில் ஒரு குடும்பம் வரட்டும். எட்டு வீடு காலி என்றால் இரண்டரை மாதத்துக்கு ஒரு குடும்பம். வருவது தனியாள் அல்ல, பிள்ளையும் முதியவரும் சேர்ந்த குடும்பம். பிறப்பை ஆள் பற்றாக்குறையோடு இணைக்கவே வேண்டாம். கால்பந்து அணியை நடத்தும் விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில் ஒவ்வோர் ஆண்டும் இளம் ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டமாகப் பிறப்பிக்கப்படுகிறார்கள்; அங்கே அது சரி, ஏனென்றால் ஆட்டக்காரரின் பதினைந்து, இருபது ஆண்டு மட்டுமே அந்த விளையாட்டுக்கு வேண்டும். ஊருக்கு முழு ஆயுளும் வேண்டும்.

அறிகுறி: வேகத்தைக் கூட்டினால் ஊர் காலி, அல்லது பிறப்பே இல்லை

வாய்ப்பை ஃபிரேமுக்கு (திரைப்படம் ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு) ஒருமுறை உருட்டுகிறீர்கள், அல்லது ஆண்டு வாய்ப்பை மாதம்தோறும் உருட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1.44 சதவீதம்: ஒன்றிலிருந்து 0.84இன் பன்னிரண்டாம் மூலத்தைக் கழித்தது. பிறப்பு நின்றுபோனால் 'மாதம் மாறியதா' என்று ஒருமுறை மட்டும் கேட்கும் வரியைப் பாருங்கள். வேகம் கூடினால் ஒரே ஃபிரேமில் மூன்று மாதம் தாண்டும், இரண்டு மாதம் உருட்டப்படாமலே போகும். தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒருமுறை ஓடும் லூப்பாக மாற்றுங்கள்.

அறிகுறி: இறந்தவர் சந்தையில் நிற்கிறார், மகனுக்குத் தாயே மகளாகிறாள்

இறந்தவரின் ஐடியைப் புதிதாய்ப் பிறந்தவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய உறவுக் குறிப்புகள் எல்லாம் இப்போது அந்தக் குழந்தையைச் சுட்டுகின்றன. ஐடியை ஒருபோதும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். சேவ் ஃபைல் பெருக்கும் என்ற பயத்தில்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள். கணக்குப் பார்த்தால் பயம் தேவையில்லை. ஆண்டுக்கு எட்டு இறப்பு என்றால் 200 ஆண்டில் 1,600 பேர். பெயர், பிறந்த மாதம், இறந்த மாதம், தாய், தகப்பன், துணை என்று ஆளுக்கு 64 பைட்டில் கல்லறைக் குறிப்பு மட்டும் வைத்தால் மொத்தம் 100 கிலோபைட்தான். உருவம், பொருள், நினைவு, அன்றாட வழித்தடம் ஆகியவற்றை இறந்த மாதமே அழித்துவிடுங்கள். தி சிம்ஸ் 4 போன்ற விளையாட்டுகள் ஆடப்படாத ஆட்களைத் தாமே களையெடுக்கும்; உங்கள் விளையாட்டிலும் அப்படி ஒரு விதி இருந்தால், உயிரோடு இருக்கும் எவருக்கேனும் பெற்றோராகவோ துணையாகவோ பிள்ளையாகவோ இருப்பவரின் குறிப்பை அது தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சேவ் செய்ததைத் திறந்தால் அடுத்த மாதம் வேறு பிள்ளை பிறக்கிறது

ரேண்டம் (தற்செயல் எண்) வரிசை எந்த இடத்தில் நின்றதோ அதைச் சேவ் ஃபைலில் எழுதவில்லை. அதை எழுதுங்கள், அதைவிட நல்லது, பெயருக்கு ஒன்று, பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று என்று தனித்தனி ரேண்டம் வரிசை வைப்பது. இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தாலும் ஊரின் சாவுகள் எல்லாம் இடம் மாறும். பிழை தேடும்போது, ஒன்றை மாற்றினால் எது மாறியது என்றே தெரியாமல் போகும்.